விவாக விசாவும் கட்டாய விவாகமும்: பிரித்தானியக் குடிவரவுக் கொள்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1962ஆம் ஆண்டு இருவேறு சட்ட ஆவணங்களால் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு யூலை முதலாந் திகதி பிரித்தானியாவின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பொதுநலவாய நாட்டவர் தடையின்றிச் சென்று குடியேறக்கூடியதாயிருந்த பிரித்தானியாவின் வாயில் அன்றுதொட்டு ஒடுங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவெம்பர் மாதம், விவாகத்துக்கான சம்மதம், ஆகக் குறைந்த விவாக வயது, விவாகப் பதிவு ஆகியன பற்றிய சமவாயத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. இரு தரப்பாரதும் சுதந்திரமான, முழுமையான சம்மதமின்றி எவ்விவாகமும் சட்டப்படி செல்லுபடியாகலாகாது என்பது அதன் அடிப்படை. முன்னையது எல்லையைக் காப்பதற்கு எழுந்தது. பின்னையது மனித விருப்பைக் காப்பதற்கு எழுந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், இரண்டாவதன் மொழியை முதலாவது பேசத் தொடங்கியது. கட்டாய விவாகத்தைத் தடுப்பதற்காகவே கணவனுக்கோ மனைவிக்கோ விசாவை மறுக்கிறோம் என அரசு கூறலாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் யார் பயனடைந்தனர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குட் புகுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பெற்றோரும் உறவினரும் பேசிச் செய்யும் விவாகம் வேறு. கட்டாய விவாகம் வேறு. முன்னையதில் தெரிவுக்கு உதவி உண்டு, இறுதிச் சொல் மணமக்களுடையது. பின்னையதில் அச்சொல் அச்சுறுத்தலாலோ, அடியாலோ, தாயின் கண்ணீராலோ, கடவுச்சீட்டைப் பறித்து வைத்தலாலோ பறிக்கப்படுகின்றது. இவற்றிடையே கோடு கிழிப்பது எளிதன்று என்பதை எமது சமூகத்தை அறிந்தோர் நன்கறிவர். எனினும் கோடு மங்கலாயிருப்பது கோடு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சந்தேகத்துக்குரிய கணவன்

1962ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் வருகையைக் கட்டுப்படுத்தியபோதும், பிரித்தானியாவிற் குடியிருந்த ஆணின் மனைவியும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வந்து சேர்வதற்கு இடமளித்தது. இதனை மனிதாபிமானம் என மட்டும் கொள்வதற்கில்லை. பெண்ணின் வீடு கணவனின் வீடே என்னும் ஆணாதிக்கக் கருதுகோள் இங்கு எழுதாச் சட்டமாகச் செயற்பட்டது. மனைவி குடும்பத்தின் ஓர் உறுப்பாகவும், கணவன் ஓர் உழைப்பாளியாகவும் கணிக்கப்பட்டனர். எனவே பிரித்தானியாவில் வாழ்ந்த பெண்ணொருத்தி தன் கணவனை அழைக்க முற்பட்டபோது, குடும்ப ஐக்கியத்தினிடத்தில் தொழிற்சந்தையே அதிகாரிகளின் கண்ணிற்பட்டது.

1969ஆம் ஆண்டு சனவரியில், தொழிற்கட்சி அரசில் உள்நாட்டு அமைச்சராயிருந்த ஜேம்ஸ் கலகன் பொதுநலவாயக் கணவன்மாரின் வருகையைக் கட்டுப்படுத்தினார். பெண்களின் எதிர்ப்பின் பின்னர் 1974இல் றோய் ஜென்கின்ஸ் அத்தடையை நீக்கினார். 1977இல் போலி விவாகங்களைத் தடுத்தல் என்னும் பெயரில் மீண்டும் விதிகள் இறுக்கப்பட்டன. பின்னர் 1980இல், மார்கிரட் தச்சரின் அரசு, ‘முதன்மை நோக்கம்’ எனப் பெயர்பெற்ற விதியைப் புகுத்தியது. பிரித்தானியாவுக்குள் வருவதே விவாகத்தின் முதன்மை நோக்கமன்று என அதிகாரி திருப்தியுறல் வேண்டும். 1983இல் அதனை நிரூபிக்கும் சுமை முழுமையாக விண்ணப்பகாரர்மீது சுமத்தப்பட்டது.

இல்லாத ஒன்றை இல்லையென நிரூபிக்கும்படி கோரும் விதி இது. விவாகம் உண்மையானது என்பதை ஏற்றுக்கொண்டே விசா மறுக்கவும் இதனால் இயன்றது. இவ்விதி நடைமுறைப்படுத்தப்பட்ட முறையில் வியப்புக்குரிய ஓர் அம்சம் உண்டு. இந்திய, பாகிஸ்தானிய வழக்கப்படி மனைவியே கணவனின் இல்லஞ் செல்வாள். இங்கு கணவன் மனைவியின் நாட்டுக்கு வர விழைகின்றான். எனவே அவனது நோக்கம் குடியேற்றமே என அதிகாரிகள் வாதித்தனர். தென்னாசிய மரபைப் பின்தங்கியதெனக் கருதிய அதே நிர்வாகம், விசா மறுக்க வேண்டியவிடத்து அம்மரபையே சாட்சிக்கு அழைத்தது. மரபை மீறிய பெண்ணே அதனால் தண்டிக்கப்பட்டாள்.

இக்காலப்பகுதியிற் பெண்ணின் உடலே ஆவணமாக வாசிக்கப்பட்டமையையும் மறத்தலாகாது. 1979 சனவரியில், மணம் முடிப்பதற்காக இந்தியாவிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயதான ஆசிரியை ஒருவர் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். மணம் முடிக்கவிருக்கும் பெண்ணுக்கு முன்கூட்டிய அனுமதி வேண்டியதில்லை. ஏற்கெனவே மணமான மனைவிக்கு அது வேண்டும். இவ்வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு அதிகாரிகள் கண்ட வழி அது. பெப்ரவரி முதலாந் திகதி கார்டியன் பத்திரிகை இச்செய்தியை வெளியிட்டதும், ஆசிய, ஆபிரிக்க-கரிபியப் பெண்கள் அமைப்புக்கள் ஹீத்ரோவில் ஆர்ப்பாட்டஞ் செய்தன, அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரித்தானிய அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர் என்பது, அரச ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியரால் 2011இல் வெளிக்கொணரப்பட்டது. பெண்ணின் சம்மதம் பற்றிய அக்கறை இக்கொள்கையின் பிறப்பில் இருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1985ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் முக்கிய தீர்ப்பொன்றை வழங்கியது. கணவன்மாரை அழைக்க மறுக்கப்பட்ட மூன்று பெண்கள் தொடுத்த வழக்கு அது. ஆண் தன் மனைவியை எளிதில் அழைக்கலாம், பெண் தன் கணவனை அழைத்தல் கடினம் என்னும் நிலை பால் அடிப்படையிலான பாரபட்சமே என நீதிமன்றம் தீர்த்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணங் காட்டிய அரசின் வாதம் எடுபடவில்லை. எனினும் இன அடிப்படையிலான பாரபட்சம் உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வென்ற பெண்களுக்குக் கிட்டியது யாது? சில மாதங்களுள் அரசு விதிகளைத் திருத்தியது. கணவன்மாருக்கிருந்த தடைகள் தளர்த்தப்படவில்லை. மனைவியருக்கும் அவை விரிக்கப்பட்டன. உரிமையிற் சமத்துவங் கேட்டோருக்குத் தடையிற் சமத்துவம் வழங்கப்பட்டது. இலங்கையர் பிரித்தானியா செல்வதற்கு விசா கட்டாயமாக்கப்பட்டதும், தமிழ் அகதிகளின் வருகையைத் தடுக்கும் நோக்குடன், அதே மே மாத இறுதியிலேயே என்பதை எமது வாசகர் கருத்திற் கொள்வர்.

மற்றொரு சட்ட நெறி

குடிவரவுச் சட்டம் இவ்வாறு கணவனின் உள்நோக்கத்தைத் துருவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், குடும்பச் சட்டம் வேறொரு வினாவை எழுப்பிக்கொண்டிருந்தது. 1982இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின்முன் 19 வயதுப் பெண்ணொருத்தியின் வழக்கு வந்தது. தாம் தெரிந்த, அவள் முன்பின் கண்டிராத ஒருவரை மணக்க மறுப்பின் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான் எனப் பெற்றோர் கூறியதால் அவள் இணங்கினாள். உயிருக்கோ உடலுக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து நேரும் என்னும் அச்சம் இருந்தாலன்றிப் பலவந்தம் நிரூபணமாகாது என்பதே அதற்கு முன் நிலவிய கண்டிப்பான கருத்து. அதனை விலக்கி, அவளது சித்தத்தின் உறுதியை அழிக்குமளவுக்கு நெருக்குதல் இருந்ததா என்பதே வினா என நீதிமன்றம் கூறி, விவாகத்தை இரத்துச் செய்தது. வீடும் வருவாயுமற்ற இளம்பெண்ணுக்கு வீட்டுக் கதவு அடைபடுவது எத்தகைய பலவந்தம் என்பதை இத்தீர்ப்பு உணர்ந்திருந்தது.

ஆகவே இரு சட்ட நெறிகள் ஒரே காலத்தில் அருகருகே ஓடின. ஒன்று ‘அவன் ஏன் வருகிறான்?’ என வினாவியது. மற்றையது ‘அவள் உண்மையாகச் சம்மதித்தாளா?’ என வினாவியது. முன்னையதற்கு அதிகாரிகளும் எல்லைச் சாவடிகளும் இருந்தன. பின்னையதற்கு, வழக்குத் தொடுக்கும் துணிவு பெற்ற சில பெண்களும், அவர்களுக்குத் தங்க இடமளித்த பெண்கள் அமைப்புக்களுமே இருந்தன. 1979இல் இலண்டனின் சவுத்தோல் பகுதியில் ஆசிய, ஆபிரிக்க-கரிபியப் பெண்கள் தொடங்கிய ‘சவுத்தோல் கறுப்புச் சகோதரிகள்’ அமைப்பு அவற்றுட் குறிப்பிடத்தக்கது.

இரு நெறிகளின் கலப்பு

1997 யூன் மாதம் புதிய தொழிற்கட்சி அரசு ‘முதன்மை நோக்க’ விதியை ஒழித்தது. அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1999 பெப்ரவரியில், ஆன் கிறையர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் கட்டாய விவாகம் பற்றிய விவாதமொன்றைச் சபையில் எழுப்பினார். அரசு அமைத்த செயற்குழு 2000 யூனில் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் குடும்பத்துக்குமிடையே சமரசம் பேசுதலும் ஒரு வழியாகும் என்னும் நிலைப்பாட்டை ஏற்க மறுத்து, சவுத்தோல் அமைப்பு அக்குழுவிலிருந்து விலகியது. இவ்விலகல் ஆழ்ந்து நோக்கற்பாலது. சமூகத் தலைவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஆண்கள் பலர் கட்டாய விவாகம் என ஒன்றில்லை எனவோ, அதனைப் பேசுவது இனவாதத்துக்குத் துணைபோதல் எனவோ கூறிவந்தனர். அவ்வாதத்தின் மறைவில் எத்தனையோ பெண்களின் குரல் அடக்கப்பட்டது. அரசின் இனவாதத்தை எதிர்ப்பதும் வீட்டினுள் நிகழும் வன்முறையை எதிர்ப்பதும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பதை அப்பெண்கள் செயலாற் காட்டினர்.

2001இன் கோடையில் ஓல்டம், பேர்ன்லி, பிரட்போட் நகரங்களில் நிகழ்ந்த கலவரங்களும், அவ்வாண்டு செப்டெம்பர் நிகழ்வுகளும் அரசியற் சூழலை மாற்றின. 2002 பெப்ரவரியில் வெளியான குடிவரவு வெள்ளையறிக்கை, நாட்டுக்கு வெளியிலிருந்து துணை தேடும் வழக்கத்தையும் கட்டாய விவாகத்தையும் சேர்த்தே பேசியது. ஐரோப்பாவின் பிறபகுதிகளிலும் இதே போக்குக் காணப்பட்டது. 2001 நவெம்பர்த் தேர்தலில், டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவுடன் டென்மார்க்கில் ஆட்சிக்கு வந்தோர், 2002 யூலையில் துணைவர் இருவருக்கும் 24 வயது நிறைந்திருத்தல் வேண்டுமென விதித்தனர். கட்டாய விவாகத்தைத் தடுத்தல் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. விளைவு, டேனிஷ் இளைஞர் பலர் தம் துணைவருடன் கடல் கடந்து சுவீடனின் மல்மோ நகரிற் குடியேறி, பாலத்தின்வழி நாள்தோறும் கொப்பன்ஹேகனுக்கு வேலைக்குச் சென்றுவந்தனர். ஜெர்மனியும் 2007இல் துணைவரின் வயதை 18 ஆக்கியதுடன், வருமுன்னரே அடிப்படை ஜெர்மன் மொழியறிவு வேண்டுமெனக் கோரியது. அங்கும் அதே காரணங் கூறப்பட்டது.

பிரித்தானியாவில் 2003 ஏப்ரலில், துணையை அழைப்போரின் ஆகக் குறைந்த வயது 18 ஆக்கப்பட்டது. 2004 திசெம்பரில் வருவோருக்கும் அவ்வயது விதிக்கப்பட்டது. 2008 நவெம்பர் 27ஆந் திகதி இருவருக்கும் அது 21 ஆக உயர்ந்தது. இதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், நவெம்பர் 25ஆந் திகதியன்று, 2007ஆம் ஆண்டின் கட்டாய விவாக (குடியியற் பாதுகாப்பு) சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பிரபுக்கள் சபையில் லெஸ்ரர் பிரபு தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்து, பெண்கள் அமைப்புக்களின் உதவியுடன் வடிவம் பெற்றது அது. அச்சட்டத்தின்படி பாதிக்கப்படக்கூடியவரோ அவர் சார்பில் பிறரோ நீதிமன்றத்தை நாடி, கடவுச்சீட்டை ஒப்படைக்கும்படியோ, வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாதெனவோ ஆணை பெறலாம். ஒரே வாரத்தில் இரு நெறிகளும் ஒரே நோக்கைக் கூறிக்கொண்டு சந்தித்தன. அவற்றை அருகருகே வைத்து அளந்து பார்க்க வரலாறு எமக்கு அரிய வாய்ப்பை அளித்துள்ளது.

வயதெல்லையின் பரிசோதனை

அரசின் வாதத்தை அதன் வலிமையுடனேயே எடுத்து நோக்குதல் நேர்மையாகும். 18க்கும் 21க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பெண் கல்வியை முடிக்கலாம், தொழில் பெறலாம், குடும்பத்தை எதிர்த்து நிற்கும் முதிர்ச்சி பெறலாம். கட்டாய விவாகப் பிரிவுக்கு வரும் முறைப்பாடுகளில் இளவயதினரே மிகுதி. சில குடும்பங்கள் விசாவைக் கருதியே விவாகத்தை நிர்ப்பந்திக்கின்றன என்பதும் மறுக்கவொண்ணாதது. எனினும் இக்கூற்றுக்களிலிருந்து விசா மறுப்பு கட்டாய விவாகத்தைத் தடுக்கும் என்னும் முடிபு தானாகப் பெறப்படாது. அரசே செய்வித்த பல்கலைக்கழக ஆய்வு வயதுயர்வை ஆதரிக்கவில்லை. அதன் முறையியலிற் குறைகள் உண்டெனக் கூறி அரசு அதனை வெளியிடாது விடுத்தது. பெண்ணை வெளிநாட்டுக்குக் கொண்டு சென்று மணமுடித்து, 21 வயது நிறையும்வரை அங்கேயே வைத்திருத்தல் கூடும் என்னும் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. அவ்வாறாயின் விதி அவளைக் காவாது. அவளது சிறைவாசத்தை நீட்டும்.

2011 ஒக்ரோபர் 12ஆந் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம் இவ்விதியைப் பரிசீலித்துத் தீர்ப்பளித்தது. வழக்குக்கு வந்த இரு தம்பதியரின் விவாகமும் கட்டாயத்தால் நிகழ்ந்தது என எவரும் கூறவில்லை. அவருட் பிரித்தானியப் பெண்ணொருத்தி 17 வயதில், 18 வயதான சிலி நாட்டு இளைஞனை விரும்பி மணந்தவள். அவனுக்கு விசா மறுக்கப்படவே, தனக்குக் கிடைத்த பல்கலைக்கழக இடத்தைக் கைவிட்டு அவனுடன் நாட்டைவிட்டு நீங்கினாள். இளம்பெண்கள் கல்வியை முடிப்பதற்கு உதவும் எனக் கூறப்பட்ட விதி ஓர் இளம்பெண்ணின் கல்வியைக் குலைத்தது. மற்றைய தம்பதியரின் விவாகம், பேசிச் செய்யப்பட்டு இருவரும் மனமுவந்து ஏற்றது. ஐந்து நீதியரசருள் நால்வர், இவ்விதி குடும்ப வாழ்வுக்கான உரிமையை அளவிறந்து மீறுவதாகத் தீர்த்தனர். தடுக்கப்படும் கட்டாய விவாகங்களிலும் தடைபடும் விருப்ப விவாகங்கள் மிகப் பல என்பதை அரசு எண்ணிப் பார்க்கவேயில்லை. சம்மட்டியைக் கையிலெடுத்த அரசு, உடைக்கவேண்டிய கொட்டையின் பருமனை அளக்க முயலவில்லை என்னும் கருத்துப்பட வில்சன் பிரபு உரைத்தார். அம்மாதமே அடுத்த மாதத்துக்கு வழிவிட்டது; நவெம்பர் இறுதியில் வயதெல்லை 18க்கு மீண்டது.

இவ்வயதுக் கணக்கில் இன்னொரு முரண்பாடும் பொதிந்துள்ளது. 1949ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் 16 வயதிலே பெற்றோரின் இணக்கத்துடன் மணம் முடிக்கக்கூடியதாயிருந்தது. பெற்றோரே நிர்ப்பந்திக்கும் குடும்பத்தில் இவ்விணக்கம் பாதுகாப்பாகாது, நிர்ப்பந்தத்தின் கருவியே ஆகும். வெளிநாட்டுத் துணைக்கு 2003இலும் 2004இலும் வயதை 18 ஆக உயர்த்திய அரசு, உள்நாட்டு விவாகத்தில் இதனை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 பெப்ரவரி 27 வரை விட்டுவைத்தது. பதினாறு வயதுப் பிள்ளையை உள்ளூரிலே மணமுடித்துக் கொடுப்பதை ஏறத்தாழ இருபதாண்டுகள் பொறுத்துக்கொண்ட சட்டம், வருபவன் வெளிநாட்டவனாயின் மட்டும் அவளது இளமையைப் பற்றிக் கவலையுற்றது.

விசா என்னும் கயிறு

விசா மறுப்பால் நேர்வது ஒருபுறமிருக்க, விசா வழங்கப்படும் முறையே நிர்ப்பந்தத்தின் மூலமாதலும் உண்டு. துணையின் பெயரால் வந்த பெண் குறித்த காலம்வரை அவனுடன் வாழ்ந்தாலே நிலையான வதிவுரிமை பெறுவாள். ஓராண்டாயிருந்த இக்காலம் 2003இல் இரண்டாண்டாகவும், 2012 யூலையில் ஐந்தாண்டாகவும் நீட்டப்பட்டது. இடைக்காலத்தில் அரச உதவிப் பணத்துக்கும் அவள் உரித்துடையவளல்லள். அடிக்கும் கணவனிடமிருந்து வெளியேறின் நாடுகடத்தப்படுவாள். பிறந்த ஊருக்குத் திரும்பின் வாழாவெட்டி என்னும் வசைக்கு ஆளாவாள். பெண்கள் அமைப்புக்களின் நீண்ட போராட்டத்தின் பின்னரே, வீட்டு வன்முறைக்குள்ளானோர் நிலையான வதிவுரிமை கோரும் சலுகை 1999இற் கிடைத்தது. அவர்களுக்கு இடைக்கால அரச உதவி 2012இலேயே விதியாயிற்று. அவ்வாண்டிலேயே துணையை அழைப்போரின் ஆண்டு வருமானம் 18,600 பவுண் எனவும் வரையறுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. குறைந்த கூலிக்கு உழைக்கும் இளம்பெண்களை இது மிகுதியும் பாதிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

விசாவுக்குக் கையொப்பமிடும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்ணின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பெற்றோரின் அச்சுறுத்தலால் விண்ணப்பத்தை ஆதரித்து ஒப்பமிட்டவள், இரகசியமாக அதிகாரிகளிடம் உண்மையைக் கூற விழைகின்றாள். ஆயின் விசாவை மறுப்பதற்குக் காரணங் காட்டவேண்டும். அக்காரணம் விண்ணப்பகாரனை, அவன்வழி அவளது குடும்பத்தை எட்டும். தன் கூற்றைப் பகிரங்கமாக்க இணங்காவிடின் விசா வழங்கப்படலாம். இணங்கினால் வீட்டில் அவள் உயிருக்கே ஊறு விளையலாம். பல்லாயிரம் விருப்ப விவாகங்களைத் தடுக்க வல்லதாயிருந்த நிர்வாகம், உதவி கேட்டு வந்த ஒருத்தியின் குரலைக் காத்து வைப்பதற்கு வழியறியாது தடுமாறியது. 2005இல் அமைக்கப்பட்ட கட்டாய விவாகப் பிரிவு பல பெண்களை வெளிநாடுகளிலிருந்து மீட்டுள்ளது என்பதை நாம் நன்றியுடன் பதிவு செய்கின்றோம். 2018இல் மட்டும் அது 1,764 முறைப்பாடுகளைக் கையாண்டது. எனினும் அவ்வாறு மீட்கப்பட்ட வயதுவந்த பெண்கள் தம் பயணச் செலவைக் கடனாக ஏற்று ஒப்பமிடும் முறை 2019 சனவரிவரை நிலவியது. மீட்கப்பட்டதன் விலையை மீட்கப்பட்டவளே செலுத்தினாள்.

2014 யூனில் கட்டாய விவாகம் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏழாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அத்திட்டத்தின் முதல் அறிவிப்பைப் பிரதமர் டேவிட் கமரன் 2011 ஒக்ரோபர் 10ஆந் திகதி குடிவரவு பற்றிய உரையொன்றிலேயே செய்தார் என்பது கவனத்துக்குரியது. பெண்ணின் சம்மதம் அப்பொழுதும் எல்லைக் காவலின் ஓர் அதிகாரமாகவே பேசப்பட்டது.

முடிபாகச் சில

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் சில. முதலாவது, கருவிகள் நோக்கத்துக்கு முந்தியவை. தொழிற்சந்தை, போலி விவாகம், பெண்ணின் பாதுகாப்பு, ஒருங்கிணைவு, அரச செலவு எனக் காரணங்கள் மாறிவந்துள்ளன. தொலைவிலிருந்து வரும் துணையைத் தடுத்தல் என்னும் செயல் மாறவில்லை. காரணம் மாறியும் செயல் மாறாதவிடத்து, கூறப்படும் காரணத்தை ஆய்வாளன் ஐயத்துடன் நோக்குதல் கடன்.

இரண்டாவது, பெண்ணைக் காப்பதாகக் கூறும் எச்சட்டத்தையும் அளப்பதற்கு எளிய அளவுகோல் ஒன்றுண்டு. அது அவள் கையில் எதனைக் கொடுக்கின்றது? 2008 நவெம்பர் 25ஆந் திகதிச் சட்டம் அவளுக்கு நீதிமன்றக் கதவைத் திறந்தது. நவெம்பர் 27ஆந் திகதி விதி அவளுக்கு எதனையும் கொடுக்கவில்லை. வேறொருவனுக்குக் கதவை அடைத்தது. தங்குமிடம், சுதந்திரமான வதிவுரிமை, இரகசியங் காக்கும் அதிகாரி, தொழில், கல்வி ஆகியனவே சம்மதத்தின் பௌதிக அடிப்படைகள். இவையின்றிச் சம்மதம் வெறுஞ் சொல்லாகவே எஞ்சும்.

மூன்றாவது எம்மைப் பற்றியது. 1983இன் பின்னர் எமது மக்கள் பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். எமது ஊர்களில் நிச்சயமாகும் விவாகங்கள் பல இன்று தூதரகமொன்றின் முடிவுக்குக் காத்திருக்கின்றன. அங்குள்ள அதிகாரி புகைப்படங்களையும் கடிதங்களையும் கொண்டு விவாகத்தின் உண்மையைத் தேடுகின்றான். அவனது சந்தேகத்தை நாம் எதிர்க்கின்றோம், எதிர்த்தல் நியாயமே. ஆயின் அவன் கேட்கத் தவறும் வினாவை நாமாவது கேட்கின்றோமா? சீதனமும் சாதியும் வெளிநாட்டு வதிவுரிமையும் பேசி முடித்த பின்னர் பெண்ணிடம் பெறப்படும் தலையசைப்பு எவ்வளவுக்குச் சம்மதமாகும்? இவ்வினாவை விசா அதிகாரியிடம் ஒப்படைத்தலும் ஆகாது. அவனை எதிர்ப்பதையே சாட்டாகக் கொண்டு எழுப்பாது விடுதலும் ஆகாது. எமது குடும்ப அமைப்பையும் விவாக வழக்கங்களையும் இந்நோக்கில் ஆராயும் பணி இளம் ஆய்வாளர்முன் உள்ளது. அப்பணியில் முதற்கண் கேட்கப்பட வேண்டியவர்கள், இதுவரை இம்முடிவுகளில் இறுதியாகவே கேட்கப்பட்டு வந்த பெண்களாவர்.